வரிக்கு மேலே ஒரு சின்ன எண்

மருத்துவ ஆய்வுக் கட்டுரையில் என் கண் முதலில் தேடுவது, வாக்கிய முடிவில் சற்றே உயர்ந்து நிற்கும் அந்தச் சின்ன எண்ணைத்தான். ‘இதைக் கண்டறிந்தவர் இன்னார், நீங்களே போய்ச் சரிபாருங்கள்’ என்று சொல்லும் பணிவும் துணிவும் அதில் ஒருசேர இருக்கின்றன.

1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் கூடி, இப்படி மூலத்தைச் சுட்டுவதற்குப் பொது முறை வகுக்கத் தொடங்கினார்கள். கட்டுரையில் வரும் வரிசைப்படி எண்; கடைசியில் அந்த எண்ணுக்கு நேரே ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, தொகுதி, பக்கம். உலகின் எந்த நூலகத்திலும் அந்தப் பக்கத்தைத் தேடி எடுக்க இவ்வளவு போதும். என்ன அழகான சிக்கனம்!

ஆனால் விவரம் பிழையின்றி இருந்தால் மட்டும் போதாது. 1980இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் 5 வாக்கியக் கடிதம் ஒன்று வந்தது. மருத்துவமனையில் ஓபியாய்டு வலிநிவாரணி பெற்ற 11,882 பேரில், முன்பு போதைப் பழக்கம் இல்லாதவர்களில் 4 பேரே அதற்கு அடிமையானதாகப் பதிவு என்றது கடிதம். 2017இல் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது 608 இடங்களில் அது மேற்கோளாகியிருந்தது. அவற்றில் ஏறத்தாழ 80 விழுக்காடு, அந்த 11,882 பேரும் மருத்துவமனையில் தங்கியிருந்த நோயாளிகள் என்பதையே சொல்லவில்லை. மருத்துவமனைக்கு வெளியே இந்த மருந்தை நீண்டகாலம் உட்கொண்டாலும் ஆபத்தில்லை என்ற நம்பிக்கை இப்படித்தான் வலுத்தது. வட அமெரிக்காவின் ஓபியாய்டு நெருக்கடிக்கு அதுவும் துணைபோனது.

ஆய்வு எழுதும் இளைஞர்களே, மூலத்தை முழுதாகப் படித்த பிறகே அதற்கு எண் இடுங்கள். அந்த எண்ணை நம்பித்தான் ஒரு மருத்துவர் மருந்து எழுதுகிறார்.