வகுப்பறையிற் கைப்பேசி

கைப்பேசியை வகுப்பறைக்குள் விடலாமா, கூடாதா என்னும் வாதம் இன்று ஜொகூர்த் தமிழர் கூடும் இடங்களிலெல்லாம் நடக்கிறது. தோட்டத்திலிருந்து மாதம் ஒருமுறை பெர்மாஸ் ஜெயாவிலுள்ள உறவினர் இல்லத்துக்குச் செல்லும் நாம், தேநீர்க் கடையிலும் கோயில் வாசலிலும் பெற்றோர் இதைப் பற்றியே வழக்காடக் கண்டோம். பிள்ளைகளைப் பிடித்த பிசாசு அது என்பர் ஒரு சாரார். அது நுழையாத பள்ளி இருண்ட பள்ளி என்பர் மறு சாரார். இரு சாராரும் கருவியைப் பற்றிப் பேசுகின்றனரே யன்றிப் பாடத்தைப் பற்றி வாய் திறக்கக் கேட்டிலோம். பாடத்தைக் கொண்டே கருவியை மதிப்பிட வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் நடந்ததை நினைவு கூர்வோம். நம் கல்வி அமைச்சு, 2009-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையால், மாணவர் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டு வருவதையும் பயன்படுத்துவதையும் தடை செய்தது. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டன. நேற்றுவரை பறிமுதல் செய்யப்பட்ட பொருளே மறுநாள் பள்ளிக்கூடம் ஆயிற்று! அவ்வாண்டு பெற்றோரிடம் அமைச்சு நடத்திய கணக்கெடுப்பில், மாணவருள் 36.9 சதவீதத்தினரிடம் எவ்வித மின்கருவியும் இல்லை என்பது வெளிப்பட்டது. கைப்பேசி உடையோர் 46 சதவீதம்; மடிக்கணினி உடையோர் 9 சதவீதம். அதாவது, ஏழைக்குக் கிட்டிய பள்ளிக்கூடம் உள்ளங்கை அகலமே. பலருக்கு அதுவும் இல்லை.

இந்த எண்களின் பொருளை நாம் பெர்மாஸ் ஜெயாவில்தான் உணர்ந்தோம். நம் உறவினர் குடும்பத்தில் தந்தைக்குச் சிங்கப்பூரில் வேலை. எல்லை மூடப்படும் என்ற செய்தி கேட்டதும், பிழைப்பை இழக்க அஞ்சி, அவர் பாலம் கடந்து அங்கேயே தங்கினார். அவருடைய கைப்பேசியும் அவருடன் போயிற்று. வீட்டில் எஞ்சியது தாயின் கைப்பேசி ஒன்று, பிள்ளைகளோ மூவர். மூத்தவளுக்குத் தேர்வு என்பதால் அவளுக்கே முதலிடம். நடுவிலான் பிற்பகலில் காத்திருப்பான். கடைக்குட்டியின் முறை வரும்போது இருட்டிவிடும். அந்நேரத்தில்தான் தந்தையின் அழைப்பும் வரும். தந்தையின் குரலைக் கேட்பதா, பாடத்தைக் கேட்பதா? ஏழு வயதுக் குழந்தை தந்தையையே தேர்ந்தெடுத்தது. அதைக் குற்றம் என்று யார் சொல்வார்? 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் எல்லை முழுமையாகத் திறந்தபோது, குடும்பம் ஒன்று கூடியது. ஆயின் அக்குழந்தை அதற்குள் எழுத்துக் கூட்டிப் படிப்பதில் ஈராண்டு பின்தங்கி நின்றது.

அக்காலத்தில் கைப்பேசி வழி வந்த தமிழ்ப் பாடந்தான் என்ன? நாம் எடுத்துப் பார்த்தோம். பயிற்றித் தாள்களைப் படம் பிடித்து வாட்சாப்பில் அனுப்பியிருந்தனர். “கோடிட்ட இடத்தை நிரப்புக”, “சரியான விடைக்கு வட்டமிடுக” என்பவையே பக்கத்துக்குப் பக்கம். பிள்ளை எழுதி, படம் பிடித்துத் திருப்பி அனுப்ப, ஒரு பெருவிரற் படம் பதிலாக வரும். ஆசிரியர்களை நாம் பழிக்கவில்லை. எவ்விதப் பயிற்சியுமின்றி ஒரே நாளில் பெருஞ்சுமையை ஏற்றவர்கள் அவர்கள். ஆயினும் உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியாது. பழைய மனப்பாடக் கல்வியே புதிய கண்ணாடிப் பெட்டிக்குள் புகுந்து வந்தது. இதனைக் கல்விப் புரட்சி என்று மேடையில் முழங்குவோர் அத்தாள்களை ஒருமுறை படித்துப் பார்ப்பார்களாக.

அப்படியாயின் தடையே சரி என்று சொல்லிவிடலாமா? அவசரப்படலாகாது. ஓலைச் சுவடிகளாய் மடங்களிலும் புலவர் வீடுகளிலும் கிடந்த சீவக சிந்தாமணியை உ. வே. சாமிநாதையர் 1887-இல் அச்சேற்றினார். சிலர் உடைமையாய் இருந்த நூல் அதனால் பலர் உடைமை ஆயிற்று. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் ஊதியம் கருதாது பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் ஏற்றி எவரும் இலவசமாய்ப் பெறச் செய்தனர். 2005-இல் வெளிவந்த செல்லினம், கைப்பேசியில் தமிழ் எழுதும் வழியைத் திறந்தது. அதை ஆக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். நூலகமே காணாத தோட்டத்துப் பிள்ளையின் கையில் இன்று ஒரு நூலகம் இருக்கிறது. அதைப் பூட்டி வைப்பது சீர்திருத்தம் ஆகாது. எனினும் நூலகம் திறந்திருப்பதாலேயே யாரும் படித்தவராகி விடுவதில்லை. எதைத் தேட வேண்டும் என்னும் கேள்வியைப் பிள்ளையின் மனத்தில் எழுப்புபவர் ஒருவர் வேண்டும்.

அத்தகைய ஒருவரை நாம் அறிவோம். அவர் அவ்வட்டாரத்துத் தமிழாசிரியர். பெயரை வெளியிட விரும்பாதவர். பள்ளிகள் திறந்தபின் அவர் தம் மாணவருக்கு ஒரு வேலை கொடுத்தார்: “உங்கள் பாட்டி தாத்தா தோட்டத்தில் வேலை செய்த கதையைச் சொல்லச் சொல்லி, வீட்டுக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள்.” பதிவுகளை வகுப்பில் தம் கைப்பேசியால் அவரே ஒலிக்கச் செய்தார். மாணவர் எவரும் பள்ளிக்குக் கருவி கொண்டு வரவில்லை, விதியும் மீறப்படவில்லை. ஒரு பாட்டி, “விடியுமுன்னே பெரட்டுக்குப் போவோம்; ஆளுக்கு ஒரு நெரை; மங்கு தொடச்சு வைப்போம்” என்று பேசினார். அடுக்கு வீட்டிற் பிறந்து ரப்பர் மரத்தையே காணாத பிள்ளைகள் சிரித்தனர். ஆசிரியர் சிரிக்கவில்லை. “மங்கு எங்கிருந்து வந்தது?” என்று கேட்டார். மலாய்ப் பாடத்தில் கிண்ணத்துக்கு ‘மங்கோக்’ என்று படித்ததை ஒரு சிறுமி நினைவுபடுத்தினாள். பிறகு ‘நெரை’ என்ற சொல்லை எடுத்தனர். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாய் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இன்று கைப்பேசியிலும் கிடைக்கிறது. அதில் தேடியபோது ‘நிரை’ என்பதற்கு வரிசை என்றும், பசுக்கூட்டம் என்றும் பொருள் கண்டனர். வெட்சித் திணையில் மறவர் கவர்ந்து வரும் ஆநிரையும் பாட்டி பால் வெட்டிய மரவரிசையும் ஒரே சொல்லில் நின்றன! சிரித்த பிள்ளைகள் அமைதியாயினர்.

இதைக் கேட்டு நாமும் வெட்கினோம். செக்ரோல் எழுதும் கிராணியாகிய நாம், அச்சொல்லைக் கேளாத நாள் இல்லை. ஆங்கில வழியிற் பயின்ற செருக்கால் அதைக் கூலிக்காரர் கொச்சை என்று ஒதுக்கியிருந்தோம். நமது சட்டைப் பையில் அகராதி இருந்தது, கேள்விதான் இல்லை.

எதிர்க்கட்சியார் காட்டும் சான்றையும் மறைத்தல் நேர்மையன்று. இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பள்ளிகளை ஆராய்ந்த இருவர், கைப்பேசியை விலக்கிய பள்ளிகளில் தேர்ச்சி உயர்ந்தது என்றும், பின்தங்கிய மாணவரே மிகுந்த நன்மை அடைந்தனர் என்றும் 2015-இல் தெரிவித்தனர். சுவீடனில் பின்னர் நடந்த ஒத்த ஆராய்ச்சியோ அத்தகைய பயனைக் காணவில்லை. ஆயினும் பின்தங்கியோர் என்ற சொல் நம்மைத் தடுத்து நிறுத்த வேண்டும். கவனம் சிதறினால் வசதியுள்ளவன் தனிப்போதனைக்குச் சென்று ஈடுசெய்வான். தோட்டத்துப் பிள்ளை எங்கே செல்வான்? ஆதலின் பிள்ளைக்கு ஒன்றாய்க் கைப்பேசியை வகுப்பறைக்குள் விடுதலை நாம் ஆதரிக்கவில்லை. தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய பாடநூல்களிலோ, கைப்பேசியாற் படித்தறியும் கட்டக் குறிகளை அச்சிட்டனர். கருவி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அக்கட்டம் வெறும் கறுப்புப் புள்ளிகளே.

நாம் வேண்டுவது சிக்கலானதன்று. பள்ளியின் உடைமையாகச் சில கருவிகள் இருக்கட்டும். ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஒன்று போதும். ஆசிரியர் கேள்வியோடு அதை மேசைமேல் வைக்கட்டும்; விடை கிடைத்ததும் பேழைக்குள் பூட்டட்டும். வீட்டில் கருவி இருந்தாலன்றிச் செய்ய இயலாத வீட்டுப்பாடத்தை எப்பள்ளியும் கொடாதிருக்கட்டும். கோயில் விழாவின் வாணவேடிக்கைக்குப் பணம் திரட்டும் நம் சங்கங்கள், அதிற் பாதியைப் பள்ளி வாரியத்திடம் கொடுத்தால் இது அடுத்த ஆண்டே கைகூடும்.

அக்கடைக்குட்டிக்கு இப்போது பன்னிரண்டு வயதாகிறது. இன்னும் விரல் வைத்தே படிக்கிறாள். சென்ற மாதம் நாம் சென்றபோது, “மாமா, எங்க வகுப்பிலயும் பாட்டி பேச்சக் கேக்க விடுவாங்களா?” என்று கேட்டாள். பெற்றோர்களே, பள்ளி வாரியத்தாரே, அவளுக்கு என்ன விடை சொல்லப் போகிறீர்கள்?