வடித்த கொக்கோ காப்பிக்கு மாற்றாகுமா?

வறுத்த கொக்கோக் கொட்டையைக் கொரகொரப்பாக உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, வடிகட்டிக் குடிக்கும் பானத்துக்கு அமெரிக்காவில் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளாகத் தனிச் சந்தை இருக்கிறது. பாலும் சர்க்கரையும் குழைத்த சாக்லேட் பானம் வேறு, இது வேறு. இது கடுங்காப்பி போலக் கறுத்து, நீர்த்து இறங்குவது. விற்பவர்கள் மூன்று வாக்குறுதிகள் தருகிறார்கள்: காப்பியை விட நினைப்பவருக்கு இது மாற்று, இதயத்துக்கு நல்லது, வடித்தபின் மிஞ்சும் சக்கையும் சமையலுக்கு ஆகும். வயிற்றெரிச்சலுக்காகவோ தூக்கத்துக்காகவோ காப்பியைக் குறைக்கச் சொல்லப்பட்டவருக்கு இவை சின்ன வாக்குறுதிகள் அல்ல. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியே எடை போட வேண்டும்.

காப்பிக்கு மாற்று என்ற வாக்குறுதியில் முதலில் சுவை. தோல் நீக்கிய கொக்கோப் பருப்பின் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. 34 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே அது உருகிவிடும். மிக்ஸியில் நைஸாக அரைக்கப் போனால் உராய்வின் சூட்டில் கொழுப்பு உருகி, தூள் விழுதாகிவிடுகிறது. அதனால் கொரகொரப்பாகத்தான் உடைக்க முடியும். நம் வீட்டுப் பித்தளை ஃபில்டர் இதற்குச் சரிப்படாது. பெரிய துணுக்குகள் என்றால் வெந்நீர் நிற்காமல் ஓடிவிடும். பொடித்துப் போட்டால் கொழுப்பு துளைகளை அடைத்துக்கொள்ளும். பிரெஞ்சு பிரஸ்ஸில் பத்து நிமிடம் ஊறவிடலாம். பாத்திரத்தில் போட்டுச் சிறுதீயில் கொதிக்கவிட்டு வடிகட்டினால் இன்னும் நன்றாக இறங்குகிறது.

அப்படி இறங்கியதன் மணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுப்படி முழுக்கச் சாக்லேட் கமழும். வாயில் வைத்ததும் மெல்லிய கசப்பு. பின்னாலேயே, கொட்டையை நொதிக்கவைத்தபோது ஊறிய அமிலத்தின் சிறு புளிப்பு. கடைசியில் வறுத்த பருப்பின் ருசி. ஆனால் பானத்துக்குக் கனம் இல்லை. வறுத்த காப்பித்தூளில் கால் பங்குக்கு மேல் நீரில் கரையக்கூடியது. கொக்கோவில் பாதி கொழுப்பாக இருப்பதால் நீருக்குக் கிடைப்பது குறைவு. மூக்கு எதிர்பார்த்ததை நாக்கு பெறுவதில்லை. இதில் பாலை ஊற்றினால் நிலைமை இன்னும் மோசம். டிகாக்ஷன் மூன்று பங்கு பாலையும் தாங்கி நிற்கும். வடித்த கொக்கோ பாலில் கரைந்து காணாமல் போகிறது. பால்காப்பியில் பழகிய நாக்குக்கு இது மாற்றாகாது. கருப்பாகவே குடிப்பவருக்கு, காப்பியை எதிர்பார்க்காமல் குடித்தால், நல்ல பானம்.

அடுத்து, காப்பி தரும் விழிப்பு. அராபிகா காப்பிக்கொட்டையில் காஃபீன் ஏறத்தாழ 1.2 விழுக்காடு. கொக்கோப் பருப்பில் 0.1 முதல் 0.3 விழுக்காடுதான். தூளை இருமடங்காகப் போட்டாலும் ஒரு டம்ளரில் காப்பியின் மூன்றில் ஒரு பங்கு காஃபீன் வந்தால் அதிகம். கொக்கோவில் மிகுந்திருப்பது தியோபுரோமின். 1 முதல் 2 விழுக்காடு வரை. இது காஃபீனின் நெருங்கிய உறவு என்றாலும் மூளையைத் தட்டி எழுப்பும் திறன் இதற்கு மிகக் குறைவு. ஆகவே காப்பியை ஒரே நாளில் நிறுத்திவிட்டுக் கொக்கோவுக்கு மாறுபவருக்குத் தலைவலி வரவே வாய்ப்பு அதிகம். மறுபுறம், காஃபீனே இல்லாத பானம் என்று இதைச் சொல்வதும் தவறு. காஃபீன் அறவே ஆகாதவருக்கு இது ஏற்றதல்ல.

வயிற்றெரிச்சலுக்காக மாறுபவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உணவுக்குழாயின் கீழ்வாயில் உள்ள தசையைத் தளர்த்தி அமிலத்தை மேலேற விடும் குணம் தியோபுரோமினுக்கு உண்டு. நெஞ்செரிச்சல்காரர்கள் தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலில் சாக்லேட் இடம்பெறுவதற்கு இதுவும் ஒரு காரணம். கொக்கோவில் ஆக்சலேட்டும் மிகுதி என்பதால் சிறுநீரகக் கல் வந்தவர்கள் தினமும் குடிக்கும் பானமாக இதை வைத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது வாக்குறுதி, இதயம். கொக்கோவில் உள்ள ஃபிளவனால் என்ற சேர்மங்கள் இரத்தநாளங்கள் விரிய உதவுகின்றன என்பதற்குச் சான்று உண்டு. நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் ஃபிளவனால் கிடைத்தால் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் ஏற்றது. அமெரிக்காவில் 21,442 முதியவர்களிடம் நடந்த காஸ்மோஸ் ஆய்வின் முடிவுகள் 2022இல் வந்தன. தினமும் 500 மில்லிகிராம் ஃபிளவனால் மாத்திரையாகக் கொடுத்ததில் இதயநோய் நிகழ்வுகள் மொத்தத்தில் 10 விழுக்காடு குறைந்தன. ஆனால் தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு அந்தக் குறைவு உறுதியானதல்ல. இதயநோய் மரணங்கள் 27 விழுக்காடு குறைந்தது நம்பிக்கை தருகிறது. ஆனால் ஆய்வின் முதன்மைக் கேள்வி அது இல்லை. ஆய்வுக்கு உதவியவர்களில் மார்ஸ் சாக்லேட் குழுமமும் உண்டு.

இந்தச் சான்று எதுவும் வடித்த கொக்கோவைப் பற்றியதல்ல என்பதுதான் இங்கே முக்கியம். அங்கே கொடுத்தது அளந்து செறிவூட்டிய சாறு. இங்கே இருப்பது நொதித்து, உலர்ந்து, வறுபட்ட கொட்டை. இந்தப் படிகளில் ஃபிளவனால் பெருமளவு அழிகிறது. கறுக வறுக்க வறுக்க இழப்பு கூடுகிறது. மிஞ்சியதிலும் ஒரு பகுதி சக்கையிலேயே தங்கிவிடுகிறது. சர்க்கரை போட்ட பானத்தை விட்டு இதற்கு வருபவருக்கு நன்மை நிச்சயம். ஆனால் அந்த நன்மை சர்க்கரையை விட்டதால் வந்தது. இதயத்தின் பெயரில் இதை விற்பது இரவல் பெருமை.

மூன்றாவது வாக்குறுதியை எடை போட, கொக்கோவோடு தலைமுறைகளாக வாழ்ந்தவர்களின் அடுப்படியைப் பார்க்க வேண்டும். மெக்சிகோவில் கொக்கோவை அம்மிக்கல்லில் விழுதாக அரைத்து, மக்காச்சோள மாவும் கரும்பு வெல்லமும் கூட்டிச் சம்புர்ராதோ என்ற கஞ்சியாகக் காய்ச்சுகிறார்கள். கிரெனடாவிலும் டிரினிடாடிலும் விழுதை உருண்டை பிடித்து வைத்து, பட்டையும் ஜாதிக்காயும் சேர்த்துக் கொதிக்கவைக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் கொக்கோ வில்லையைப் பசையரிசியோடு வேகவைத்து, கருவாட்டைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்கள். இந்த நாடுகள் எல்லாவற்றிலும் பருப்பு முழுதாக உள்ளே போகிறது. கொழுப்பே கஞ்சிக்குக் கனம் தருகிறது. தோலை மட்டும் கொதிக்கவைத்து வடித்துக் குடிக்கும் வழக்கமும் உண்டு. அமெரிக்காவின் முதல் அதிபர் வாஷிங்டன் வீட்டிலும் அதைக் குடித்திருக்கிறார்கள். வடிப்பது தோலுக்கு ஏற்ற முறை. விலை கொடுத்து வாங்கிய பருப்பை வடித்துவிட்டுச் சக்கையைத் தனியே கையில் வைத்துக்கொண்டு வழி தேடுவது சுற்றுவழி.

அந்தச் சக்கை சமையலுக்கு ஆகுமா? கேக்கிலோ பிஸ்கட்டிலோ ஒரு பிடி சேர்க்கலாம். கொழுப்பும் நாரும் அதில் இருக்கின்றன. ஆனால் பல் நடுவே மணல் போல நெருடும். மணத்தில் பெரும்பங்கு பானத்தோடு போய்விட்டிருக்கும். தோலோடு அரைத்த தூள் என்றால் இன்னொரு தடையும் உண்டு. ஈயம் போன்ற மாசு தோலில்தான் அதிகம் சேரும். கொக்கோ விழுதில் தோலும் முளையும் சேர்ந்து, கொழுப்பு நீங்கிய உலர் எடையில், 5 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தரம் வரம்பு கட்டியிருக்கிறது. தோல் கலந்த சக்கையைச் செடிக்கு உரமாகப் போடுவதே மேல். நாய் வளர்ப்பவர்கள் அதையும் எட்டாத இடத்தில் போட வேண்டும். தியோபுரோமின் நாய்க்கு நஞ்சு.

வடித்த நீர் சமையலில் சக்கையை விட நன்றாக உழைக்கிறது. கேழ்வரகுக் கஞ்சிக்கு வெறும் நீருக்குப் பதில் இதை ஊற்றிக் கருப்பட்டி சேர்த்தால், பானத்தில் இல்லாத கனத்தைக் கேழ்வரகு கொடுத்துவிடுகிறது. அதையும் மிஞ்சுவது தோல் நீக்கிய பருப்பு. மிளகாயோடும் எள்ளோடும் அரைத்து இறைச்சிக் குழம்பில் சேர்க்கும் மெக்சிகோவின் மோலே அதற்கு வலுவான சாட்சி.

விலையையும் பார்க்க வேண்டும். 2024இல் உலகச் சந்தையில் கொக்கோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. கடல் கடந்து வரும் பொட்டலத்திலிருந்து காப்பியைவிட இருமடங்கு தூள் போட்டுத் தினமும் வடிப்பது நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் கொக்கோ ஊடுபயிராக விளைகிறது. நன்றாக நொதித்துக் காய்ந்த கொட்டை கிடைத்தால் இரும்புச் சட்டியில் வறுத்து, தோல் நீக்கி, வீட்டிலேயே உடைத்துக்கொள்ளலாம்.

தீர்ப்பு இதுதான். காப்பிக்கு மாற்று என்ற வாக்குறுதி நிற்கவில்லை: பாலைத் தாங்காது, விழிப்பைத் தராது, நெஞ்செரிச்சலுக்கும் உத்தரவாதமில்லை. காப்பியைக் குறைக்க வேண்டியவர் சிறிய டம்ளரில் நல்ல காப்பியையே, நாளைக்கு ஒரு தடவை குறைத்துக் குடிப்பது நேர்வழி. இதயத்தின் பெயரில் இதை வாங்க வேண்டாம். மாலையில் சர்க்கரை இல்லாமல் சூடாக ஏதாவது வேண்டும் என்பவருக்கு, அதற்கு மேல் ஒன்றும் எதிர்பார்க்காமல் குடித்தால், இது தகுதியுள்ள பானம். சமையலுக்கோ சக்கையை விட்டுவிட்டுப் பருப்பை வாங்குங்கள். அரைத்துக் கஞ்சியிலும் குழம்பிலும் முழுதாகச் சேருங்கள். கொடுத்த காசு முழுவதும் அங்கேதான் வயிற்றுக்குள் போகிறது.