பிதுக்கு பருப்பில் காலம் இல்லை

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகைப் பக்கத்தில் மார்கழி, தை மாதங்களில் குழம்பு என்றால் மொச்சைதான். பச்சை மொச்சையை உரித்து இரவே தண்ணீரில் போட்டுவிட வேண்டும். காலையில் ஒவ்வொரு கொட்டையாக எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் விழும். பூண்டும் வெங்காயமும் தக்காளியும் வதக்கி, தேங்காய் அரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டால் பிதுக்கு பருப்புக் குழம்பு. கேழ்வரகுக் களிக்கு இதைவிடப் பொருத்தமான துணை இல்லை என்பது என் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

பிதுக்கு பருப்பு என்று ஒற்று மிகாமல் எழுதினால் அது வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல. ஊறிய, ஊறுகின்ற, ஊறும் என்று மூன்று காலங்களும் அதில் மறைந்து நிற்கின்றன எனப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். எல்லைக்கு அப்பால் சித்தூர்ப் பக்கம் இதே குழம்புக்குப் பெயர் ‘பிதிகின பப்பு’. கன்னடத்தில் ‘ஹிதகித பேளே’. இரண்டிலும் எச்சம் இறந்தகாலம். பிதுக்கிய பருப்பு, அதாவது வேலை முடிந்தது, உட்கார்ந்து சாப்பிடலாம். 1960இல் எல்லை வகுத்துத் திருத்தணியைச் சென்னை மாநிலத்தோடு சேர்த்தபோதும் குழம்பு இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் கொதித்தது. இலக்கணம்தான் வேறு. தமிழ் இங்கே உண்மைக்கு அருகில் இருப்பதாக நினைக்கிறேன். ஒரு படி மொச்சை பிதுக்க எவ்வளவு நேரமாகும் என்று கண்டிகையில் ஒரு மூதாட்டியிடம் கேட்டதற்கு, “அதுக்கு ஏதும்மா நேரம்? மாசி வந்தா காய் முத்திப்பூடும், அப்பத்தான் முடியும்” என்றார்.

ஆனால் இந்தத் தொகை மறைப்பது காலத்தை மட்டுமா? பிதுக்கியவள் எங்கே?

இந்தக் கேள்வியோடு நம் பழைய பாட்டுகளுக்குள் போக வேண்டியிருக்கிறது. தொண்டை நாட்டுச் சமையலுக்கு நல்ல சாட்சி பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைத் தேடிப் போகும் பாணனுக்கு வழியில் எங்கெங்கே என்னென்ன உண்ணக் கிடைக்கும் என்று உருத்திரங்கண்ணனார் சொல்லிக்கொண்டே போகிறார். முல்லை நிலத்தில் வரகுச் சோறு. அதோடு அவரைப் புழுக்கு. அவரையும் மொச்சையும் தாவரவியலில் ஒரே இனம்தான். வெந்த அவரையைப் புலவர் வேங்கைப் பூவோடு ஒப்பிடுகிறார். தோல் போன பருப்புக்குத்தான் அந்த மஞ்சள் வரும் என்பது கண்டிகைக் குழம்பைப் பார்த்த கண்ணின் வாசிப்பு.

புலவரின் வாக்கியத்தில் பாணனுக்கு எதிர்காலம் இருக்கிறது. நீங்கள் பெறுவீர்கள் என்று உறுதி தரப்படுகிறது. அடுப்பை ஊதியவளுக்கு அங்கே எழுவாயாக நிற்க இடமில்லை. ஆனாலும் ஒரு சொல் அவளைக் காட்டிக்கொடுக்கிறது. புழுங்கு என்பது தன்வினை, புழுக்கு பிறவினை. திருந்து, திருத்து போல. தானாக வெந்தது புழுங்கும். புழுக்குவதற்கு ஆள் வேண்டும். மலையாளிகள் திருவாதிரைக்கு இன்றும் செய்யும் புழுக்கில் அந்தச் சொல் உயிரோடு இருக்கிறது. வாக்கியம் விட்டுவிட்டவளைச் சொல்லின் இலக்கணம் பிடித்து வைத்திருக்கிறது.

சமைப்பவள் நேராக வந்து நிற்கும் பாட்டு என்று நாமெல்லாம் படித்தது குறுந்தொகை 167. கூடலூர் கிழார் பாடியது. தயிரைப் பிசைந்த விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் இனிது என்று உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. மகளின் குடும்பம் நடப்பதைப் பார்த்துவிட்டு வந்த செவிலி தாயிடம் சொல்வதாகப் பாட்டு. இல்லறத்தின் இனிமை என்று காலங்காலமாக வகுப்பில் சொல்லி வருகிறோம். அழகான பாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அவள் சாப்பிட்டாளா என்று செவிலிகூடச் சொல்லவில்லை. பிசைந்த விரல் காந்தள் பூவாகிவிடுகிறது. பூவுக்கு உழைப்பு இல்லை.

இதன் பக்கத்தில் சிறுபாணாற்றுப்படையை வைத்துப் பாருங்கள். நல்லூர் நத்தத்தனார் காட்டும் அடுக்களையில் நாய் குட்டி போட்டிருக்கிறது. குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை. பசியில் இடை ஒடுங்கிய பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேக வைக்கிறாள். அறியாத சனம் பார்த்துவிடுமே என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். பிறகு சுற்றத்தோடு சேர்ந்து உண்கிறார்கள். இங்கே விரல் பூவாகவில்லை. கூரிய நகமாக, கருவியாகவே இருக்கிறது. நான் வகுப்பில் சேர்த்து நடத்தும் இந்த மூன்று பாட்டுகளில் அடுப்படியில் நிற்பவளும் உண்பது இதில் மட்டும்தான், அதுவும் சாத்திய கதவுக்குப் பின்னால். எளிய சாப்பாட்டைப் பற்றித் தமிழில் இதைவிட நேர்மையான பாட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

இன்று அந்தக் கதவைத் திறந்துவிட்டார்கள். களியும் மொச்சையும் பாரம்பரிய உணவாகிவிட்டன. பொங்கலுக்குப் பொங்கல் யாராவது அம்மாவின் கைமணத்தை நினைத்து உருகுகிறார்கள். உருகட்டும். அந்தக் குழம்பு தரும் ஆறுதல் எனக்கும் வேண்டும்தான். எரிச்சல் வேறு இடத்தில். கைமணம் என்றதும் அது ஏதோ பிறவியிலேயே கையில் ஒட்டிக்கொண்டு வந்த வாசனை மாதிரி ஆகிவிடுகிறது. தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய விரல் நுனியும் நகக்கண்ணில் ஏறிய தோலும் அந்தச் சொல்லுக்குள் வருவதில்லை. பெங்களூரில் குளிர்காலத்தில் நடக்கும் அவரெபேளே மேளாவில் பிதுக்கிய பருப்பைத் தனியாக எடை போட்டு விற்கிறார்கள்; தோலோடு இருக்கும் கொட்டையைவிட விலை அதிகம். அந்த விலை வித்தியாசம்தான் விரலின் கூலி. வீட்டுக்குள் நடந்தால் அதே வேலைக்குப் பெயர் பாசம்.

2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம். அந்த வேலைகளில் கைவைக்கும் ஆண் 97 நிமிடம். 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டரசு மாதம் 1000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதை உதவி என்று சொல்லாமல் உரிமைத்தொகை என்று பெயரிட்டது எனக்குப் பிடித்திருந்தது. தொகை போதுமா என்பது வேறு விஷயம். வினைத்தொகை மறைத்ததை இந்தத் தொகை கொஞ்சம் வெளியே எடுத்தது என்று வகுப்பில் சொன்னேன். இலக்கண வகுப்பில் மாணவிகள் சிரித்த அபூர்வமான நாள் அது.

அன்றைக்கே ஒரு பயிற்சி கொடுத்தேன். வீட்டுச் சமையலிலிருந்து சொற்களைக் கொண்டுவந்து, அவற்றில் ஆள் இருக்கிறாளா இல்லையா என்று பார்க்க வேண்டும். சுண்டல் தன்வினை, தண்ணீர் தானே சுண்டிக்கொள்கிறது என்று ஒருத்தி எழுதினாள். கடையலில் ஆள் உண்டு, துவையலிலும் உண்டு. சண்டை வந்தது கைமணத்தில்தான். கையினது மணம், ஆறாம் வேற்றுமைத் தொகை என்று பாதி வகுப்பு. வீட்டில் தெலுங்கு பேசும் எல்லைப்புற ஊர்ப் பெண் ஒருத்தி மட்டும் எழுந்து, “இல்ல மேடம், கையால ஆக்குன மணம். மூன்றாம் வேற்றுமை. ‘ஆக்குன’ங்கிறது உள்ள மறைஞ்சிருக்கு, அதனால உருபும் பயனும் உடன்தொக்க தொகை” என்றாள். மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.