விடை அதே பக்கத்தில்

பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளானின் ஜாலான் தெங்கு கெலானாவிலும் தமிழ்ப் புத்தகம் விற்கும் கடைக்குள் நுழைந்தால், பஞ்சாங்கத்துக்கும் சமையல் குறிப்புக்கும் பக்கத்தில் விடுகதைத் தொகுப்புகள் அடுக்கியிருக்கும். கொஞ்சம் தள்ளி ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் ஆகியோரின் துப்பறியும் நாவல்கள். இரண்டும் புதிரை வைத்துப் பிழைக்கிற நூல்கள்தான். பேரனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று வாங்கிப் போகிற தாத்தாக்களை இன்றும் பார்க்கலாம். பள்ளிப் பாடநூலை விட்டால், இத்தனை வயதினரை இவ்வளவு மலிவாக எட்டுகிற தமிழ் நூல் வகை கிள்ளான் பள்ளத்தாக்கில் வேறு இல்லை என்பது என் எண்ணம். அதனால்தான் இவற்றின் குறைகளை ‘சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம்’ என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

தொல்காப்பியர் விடுகதையை அப்படி விட்டுவிடவில்லை. செய்யுளியலில் யாப்பின் வகை ஏழு என்று எண்ணும்போது, பாட்டு, உரை, நூல் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் பிசியையும் வைத்தார். இன்று நாம் விடுகதை என்பதைத்தான் அவர் பிசி என்றார். அதை இரண்டு வகையாகவும் பிரித்தார்: ஒரு பொருளை வேறொன்றாக உவமித்து மறைப்பது, பொருளின் அடையாளங்களையே சொல்லி, பெயரை மட்டும் மறைப்பது. இன்று புழங்கும் விடுகதைகளில் பெரும்பாலானவற்றை இந்த இரண்டுக்குள் அடக்கிவிடலாம்.

விடுகதையின் பலம் அது வாயில் பிறந்ததில் இருக்கிறது. படிக்கத் தெரியாத பாட்டியும் படிக்கத் தொடங்காத பேத்தியும் சமமாக உட்கார்ந்து ஆடக்கூடிய ஆட்டம் அது. கண்பார்வைகூடத் தேவையில்லை. மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. வெள்ளைக் கோலோடு நடப்பவர்களை அந்தத் தெருக்களில் தினமும் காணலாம். அவர்களுக்கும் குறையில்லாமல் போய்ச் சேரக்கூடிய இலக்கிய வடிவம் விடுகதை. அதை அச்சுக்குள் மட்டும் பூட்டி வைத்திருக்கிறோமே, ஒலிநூலாக ஏன் கொடுக்கக்கூடாது என்று அங்கே போகும்போதெல்லாம் தோன்றும்.

அச்சுக்குள் வந்தபோது விடுகதைக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. ஒரு தொகுப்பைப் பிரித்துப் பாருங்கள். பக்கத்துக்குப் பத்து விடுகதை. ஒவ்வொன்றின் முடிவிலும் ‘விடை:’ என்று போட்டு அங்கேயே பதில். கண் கேள்வியைப் படித்து முடிக்கும் முன்பே பதிலில் விழுந்துவிடும். வாய்மொழியில் விடுகதை போடுகிறவர் இப்படிச் செய்யமாட்டார். தப்பான பதில் வரும்வரை காத்திருப்பார். அது ஏன் தப்பு என்று மடக்குவார். இன்னொரு குறிப்பை அவிழ்ப்பார். எதிரில் இருப்பவர் தோல்வியை ஒப்புக்கொண்ட பிறகுதான் சொல்வார். அந்தக் காத்திருப்பில்தான் சிந்தனை நடக்கிறது. புத்தகம் அதை வெட்டிவிட்டு, கேள்வியையும் பதிலையும் மனப்பாடத்துக்கு ஒப்படைக்கிறது.

தமிழ்ப்பள்ளிப் பயிற்சி நூல்களுக்கும் இதே பழக்கம் தொற்றியிருக்கிறது. அங்கே விடுகதை வந்தால் கீழே நான்கு விடைகள் இருக்கும். ஒன்றுக்கு வட்டமிட வேண்டும். ஆனால் நல்ல விடுகதைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடை பொருந்தலாம். அச்சிட்ட விடையோடு ஒத்துப்போகாத, ஆனால் எல்லாக் குறிப்புக்கும் பொருந்துகிற பதிலை ஒரு பிள்ளை சொன்னால், அந்தப் பிள்ளைதான் வகுப்பிலேயே நன்றாக யோசித்த பிள்ளை. அதற்குச் சிவப்பு மையில் தப்புப் போடுவது கொடுமை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யுபிஎஸ்ஆரே 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. வட்டமிடும் பழக்கம் மட்டும் ஏன் தொடர வேண்டும்?

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. இந்தத் தொகுப்புகளின் உலகம் காவிரிக் கரையிலும் கரிசல் காட்டிலும் நிற்கிறது. விடைகள் ஏற்றம், கமலை, கலப்பை, உரல், உலக்கை. ஷா ஆலமில் அடுக்குமாடியில் வளரும் பிள்ளை இவற்றைப் பார்த்ததே இல்லை. பார்க்காத பொருளை அடையாளத்தை வைத்துக் கண்டுபிடிக்க எப்படி முடியும்? அந்த விடுகதைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு படமும் இரண்டு வரி விளக்கமும் இருந்தால் அவையே பழைய வேளாண் வாழ்வுக்கு வாசல் ஆகும். ஆனால் இங்கே வாழ்ந்த நம்மவர்களின் உலகம் எங்கே? லயம், பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, மங்கு, ஒட்டுப்பால், தண்டல், கங்காணி. ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போனபின் கிள்ளானுக்கும் புறநகர்களுக்கும் வந்து குடியேறிய குடும்பங்கள் ஒன்றிரண்டல்ல. அந்த வாழ்க்கையைப் பேசும் ஒரு விடுகதையைக்கூட நான் புரட்டிய கடைத் தொகுப்புகளில் பார்க்கவில்லை.

இது எவ்வளவு எளிதாக முடியும் என்று காட்ட, நானே ஒன்று கட்டிப் பார்க்கிறேன்: ‘கீறினால் அழுவான், வெயில் ஏறினால் அழுகையை நிறுத்துவான், மழை பெய்தால் நம்மை வேலைக்கே விடமாட்டான். யார்?’ முதல் குறிப்பை மட்டும் கேட்டால் பிள்ளை வெங்காயம் என்று சொல்லலாம். வெட்டுகிறவர்தானே அழுகிறார், வெங்காயமா அழுகிறது என்று மடக்கலாம். பனிக்கட்டி என்றால் இரண்டாம் குறிப்பு தடுக்கும், வெயிலில் அது இன்னும் அதிகமாக அல்லவா உருகும். மூன்றாவது குறிப்புக்கு வந்ததும் பிள்ளை தாத்தாவின் முகத்தைப் பார்க்கும். தாத்தா பால் மரம் வெட்டியவராக இருந்தால் அங்கே ஒரு பேச்சு தொடங்கும்: ஏன் விடியுமுன் எழுந்து போனார்கள், வெயில் ஏறியதும் பால் வடிவது ஏன் குறைந்தது, மழை பிடித்துக்கொண்டால் அன்றைய கூலி என்ன ஆனது. குளிர்ந்த வேளையில் மரத்தின் உள்ளழுத்தம் கூடுதலாக இருப்பதால் பால் நன்றாக வடியும் என்ற அறிவியலையும் ஒரு வரியில் சேர்த்துவிடலாம். விடுகதைப் புத்தகம் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

யார் சொன்ன விடுகதை, எந்த ஊரில், எந்த ஆண்டில் என்ற குறிப்பும் கடைத் தொகுப்புகளில் இருப்பதில்லை. ஒன்றிலிருந்து ஒன்று எடுத்து அச்சிட்டு, பிழைகளும் கூடவே பயணம் செய்கின்றன. முரசு நெடுமாறன் மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தை 1997இல் கொண்டுவந்தார். சிதறிக் கிடந்ததைத் தேடித் தொகுக்க இந்த மண்ணில் ஆள் உண்டு என்பதற்கு அது சான்று. விடுகதைக்கும் அந்த உழைப்பு கிடைக்க வேண்டும்.

குறுக்கெழுத்தும் புதிர்தான் என்பதால் அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துக்குள் 26 எழுத்துகளில் ஒன்று வரும்; தமிழில் 247இல் ஒன்று. அதனால் தமிழில் கட்டம் அமைப்பவருக்கு வேலை கடினம். விடுவிப்பவருக்கோ கிடைத்த ஒரே எழுத்து பாதிச் சொல்லைக் காட்டிக்கொடுத்துவிடும். இதை உணர்ந்து குறிப்பைக் கடினமாக்கத் தெரிந்தவர்கள் சிலரே. மற்றவர்களின் குறிப்புகள் பொதுஅறிவுக் கேள்விகளாக இளைத்துப் போகின்றன.

இனி அடுத்த தட்டு. தமிழ்த் துப்பறியும் கதைக்கு நூறு வயது தாண்டிவிட்டது, ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ 1908இல் வந்தது. தமிழ்வாணனின் சங்கர்லால், தேவனின் சாம்பு, சுஜாதாவின் கணேஷ்–வஸந்த், ராஜேஷ்குமாரின் விவேக் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு துப்பறிவாளர் கிடைத்தார். 1,500க்கும் மேற்பட்ட நாவல் எழுதிய ராஜேஷ்குமாரை இலக்கியவாதிகள் ஒதுக்கலாம். ஆனால் வேலை முடிந்து கொமுட்டரில் வீடு திரும்புகிற ஒருவரைத் தமிழ் படிக்க வைத்தவை அந்த மாத நாவல்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கதைகளை மாறி மாறி ஓட்டி, கடைசியில் முட்டவைக்கிற அவருடைய உத்தி நிஜமான கைத்திறன்.

குறை எங்கே என்றால், பெரும்பாலான மாத நாவல்களில் வாசகருக்கு விடையைக் கண்டுபிடிக்க வாய்ப்பே தருவதில்லை. கடைசி அத்தியாயத்தில் துப்பறிவாளர் பேசத் தொடங்குகிறார். அதுவரை நமக்குச் சொல்லாத ஒரு தொலைபேசி அழைப்பும் பழைய பகையும் அப்போதுதான் வெளிவருகின்றன. ரோனால்ட் நாக்ஸ் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தபோது, துப்பறிவாளர் கண்ட தடயத்தை வாசகரும் காணவேண்டும் என்று அவற்றுள் ஒன்றை வைத்தார். சுஜாதாவுக்கு இது தெரியும். ‘கொலையுதிர் காலம்’ நாவலில் நடந்தது அறிவியலா அமானுடமா என்ற சந்தேகத்தின் ஒரு நுனியை வாசகர் கையிலேயே விட்டார். விடுகதைத் தொகுப்பு பதிலை உடனே கொட்டுகிறது. மாத நாவல் தடயத்தைக் கடைசிவரை ஒளிக்கிறது. வாசகர் யோசிப்பார் என்ற நம்பிக்கை இரண்டிலும் இல்லை.

பழைய கதையை நேர்மையான புதிராக்குவதற்கு வழிகாட்டி ஒருவர் கோலாலம்பூரிலேயே இருந்தார். நெதர்லாந்துத் தூதராக 1960களின் தொடக்கத்தில் இங்கே பணியாற்றிய ராபர்ட் வான் குலிக், ‘நீதிபதி டீ’ கதைகளை எழுதியவர். பழைய சீன வழக்குக் கதைகளில் குற்றவாளி யார் என்பது பெரும்பாலும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். ஆவிகளும் வந்து சாட்சி சொல்லும். அவர் அந்த மூலப்பொருளை எடுத்து, விடையை மறைத்து, தடயத்தை வெளியே வைத்து, இக்கால வாசகருக்கான புதிராக்கினார்.

நம்மிடம் மரியாதை ராமன் இருக்கிறார். நால்வர் ஒரு கிழவியிடம் பணப்பானையைக் கொடுத்து, நால்வரும் சேர்ந்து வந்தால்தான் திருப்பித் தரவேண்டும் என்கிறார்கள். ஒருவன் ஏமாற்றி வாங்கிக்கொண்டு ஓட, மற்ற மூவரும் கிழவி மேல் வழக்குத் தொடுக்கிறார்கள். ராமனின் தீர்ப்பு நமக்குத் தெரியும்: நால்வரும் சேர்ந்து வரட்டும், கிழவி தருவாள். பிள்ளை தானாகக் கண்டுபிடிப்பதற்குத் தேவையான எல்லாம் கதையின் முதல் நிபந்தனையிலேயே இருக்கிறது. இதைவிட நேர்மையான புதிரை நாக்ஸும் கேட்டிருக்கமாட்டார். நம் சிறுவர் நூல்களோ தீர்ப்பை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகின்றன. டொனால்ட் சோபல் 1963இல் தொடங்கிய ‘என்சைக்ளோபீடியா பிரவுன்’ நூல்களில் ஒவ்வொரு வழக்கும் கேள்வியோடு நிற்கும். விடை புத்தகத்தின் கடைசியில். மரியாதை ராமனை அப்படி அச்சிட ஆகும் கூடுதல் செலவு சில பக்கங்கள்தான்.

களத்துக்கும் பஞ்சமில்லை. ஷாமினி பிளிண்ட் ஆங்கிலத்தில் எழுதிய இன்ஸ்பெக்டர் சிங் வரிசையில் 2009இல் வந்த முதல் நாவல் கோலாலம்பூரில்தான் நடக்கிறது. கிள்ளான் துறைமுகமும் செந்தூலின் பழைய ரயில் பட்டறையும் பத்துமலையும் தமிழ்ப் புதிர்க்கதைக்கும் களமாகக் காத்திருக்கின்றன.

பதிப்பாளர்களிடம் நான் கேட்பது இரண்டுதான்: விடைகளைக் கடைசிப் பக்கங்களுக்குக் கொண்டுபோங்கள், ஒவ்வொரு விடுகதைக்கும் சொன்னவரையும் ஊரையும் ஆண்டையும் போடுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி விடுமுறைக்குக் கட்டுரை எழுதச் சொல்வதற்குப் பதிலாக, தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர் ஒருவரிடமிருந்து ஒரு விடுகதையைக் கேட்டு வரச் சொல்லுங்கள். எந்தத் தோட்டம், யாரிடம் கேட்டது, வேறென்ன விடை சொன்னார்கள் என்பதையும் குறித்து வரட்டும். நூறு பிள்ளைகள் கொண்டுவந்தால் ஒரு நூலுக்கு ஆயிற்று. சொல்லத் தெரிந்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். இந்த ஆண்டே தொடங்குங்கள்.