நிழற்படமும் பதிவேடும்: திருமேனி மீட்பு வழக்குகளில் ஆவணச் சான்றின் இயல்பு

பழைய நிழற்படங்களும் ஆவணங்களும் வட்டார வரலாற்றையும் மரபையும் பாதுகாக்கின்றன என்னும் கூற்று நம் கருத்தரங்க உரைகளிலும் ஆய்வேட்டு முன்னுரைகளிலும் ஐயத்துக்கு இடமின்றி ஆளப்படுகிறது. பாதுகாக்கப்படுவது எது, எதன் வலிமையால் பாதுகாக்கப்படுகிறது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுகின்றன. தமிழ்நாட்டுக் கோயில்களிலிருந்து களவு போய் அயல்நாட்டு அருங்காட்சியகங்களில் கண்டறியப்பட்ட திருமேனிகளின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை தேட ஏற்ற களமாகும். அங்கு நிழற்படம் சான்றாக நிறுத்தப்பட்டது. எதிர்த்தரப்பின் ஆவணத்தோடு மோதியது.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1955இல் ஜான் ஃபிலியோசா தலைமையில் தொடங்கப்பட்டது. சைவ ஆகமச் சுவடிகளைத் திரட்டிய அந்நிறுவனம், தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகச் சென்று நிழற்படமெடுக்கும் பணியையும் 1950களிலேயே மேற்கொண்டது. நூல் கூறும் படிம இலக்கணத்தைக் கோயிலில் உள்ள படிமத்தோடு ஒப்பிட்டுக் காண்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஒரு இலட்சத்தைத் தாண்டிய நிழற்படங்களோ நெடுங்காலம் கலை வரலாற்று ஆய்வாளர் சிலரின் வட்டத்துக்குள்ளேயே பயன்பட்டன. களவைத் தடுப்பதற்காக அவை எடுக்கப்படவில்லை என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும்.

விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் கல் அர்த்தநாரீசுவரர் சிற்பத்தை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004இல் விலைக்கு வாங்கியது. அச்சிற்பம் 1970இலேயே டில்லிக் கடையொன்றில் விற்கப்பட்டதாகக் காட்டும் ரசீதை வணிகர் அளித்திருந்தார். பிரெஞ்சு நிறுவனத்தின் நிழற்படமோ 1974இல் அதே சிற்பத்தைக் கோயிலில் காட்டியது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் ஆடவல்லானை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிய நிகழ்விலும் இதே கதைதான். 1970களின் தொடக்கத்திலேயே அத்திருமேனி இந்தியாவை விட்டு வெளியேறிவிட்டதாகக் காகிதங்கள் கூறின. 1994இல் அது ஸ்ரீபுரந்தானில் இருந்ததை நிழற்படம் கூறியது. இரண்டும் 2014 செப்டம்பரில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன.

இவ்வெற்றியை நிழற்படத்தின் வெற்றி என்று கொண்டாடுவது வழக்கமாகிவிட்டது. இக்கட்டுரை அதில் பாதியளவே உடன்படுகிறது. சோழர் கால ஆடவல்லான் திருமேனிகள் ஒரே படிம இலக்கணத்தைத் தழுவியவை. படம் தனித்து நின்றால் ஒத்த உருவம் ஒன்று இருந்தது என்பதைத்தான் நிறுவும். தேய்மானம், சிதைவு, வார்ப்பின் தனிக்குறைகள் ஆகியவற்றைக் கொண்டு அது இதுவே எனக் காட்டலாம். ஆயினும் எப்போது, எங்கே என்னும் வினாக்களுக்குப் படத்தில் விடை இல்லை. அது பதிவேட்டில் இருக்கிறது. ஊர், கோயில், ஆண்டு ஆகியவற்றை ஒருவர் அன்றே எழுதி வைக்காமல் போயிருந்தால், 1970 எனத் தேதியிட்ட ரசீதை மறுக்க அப்படத்தால் இயன்றிராது. போலி ஆவணத்தை வீழ்த்தியது, தேதியிட்ட மற்றோர் ஆவணமே.

சிவபுரம் ஆடவல்லானின் வரலாறு இதன் மறுபக்கத்தைக் காட்டும். 1951இல் அவ்வூரில் வெளிப்பட்ட செப்புத் திருமேனிகள் பழுது பார்க்க அனுப்பப்பட்டபோது மூலத்துக்கு மாற்றாகப் படி ஒன்று செய்யப்பட்டுக் கோயிலுக்குத் திரும்பியது. ஊரில் இருப்பது புதிய வார்ப்பு என்பதை டக்ளஸ் பேரட் 1965இல் தம் நூலில் சுட்டிய பின்னரே ஐயம் வலுத்தது. மூலம் அமெரிக்காவிலிருந்து திரும்ப 1986 ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் சிவபுரத்தில் எடுக்கப்பட்ட எந்த நிழற்படமும் போலிக்கே சாட்சி சொல்லியிருக்கும். படம் பொய் சொல்லாது என்னும் நம்பிக்கையை ஆய்வாளர் கைவிட இந்த ஒரு சான்று போதும்.

நிழற்படமே இல்லாத நிலையிலும் வழக்கு வென்றதுண்டு. 1976இல் பத்தூரில் மண்ணிலிருந்து வெளிப்பட்டு இலண்டன் சென்ற ஆடவல்லானுக்கு முந்தைய படம் இருக்க வழியில்லை. அதே இடத்தில் கிடைத்த பிற திருமேனிகளோடு ஒப்பிட்டு, உலோகம், மண், கறையான் தடம் எனப் பலவற்றை வல்லுநர் ஆராய்ந்தனர், இரா. நாகசாமி சாட்சியம் அளித்தார். சிதைந்த கோயிலும் தக்கார் வழியாக வழக்குரைக்கும் உரிமையுடையது என 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. பத்தூரில் பெரும் பொருட்செலவிலும் பல்லாண்டு உழைப்பிலும் நிறுவப்பட்டதை விருத்தாசலத்தில் ஒரு பதிவேட்டு வரி நிறுவியது.

இனி, மரபு என்னும் சொல்லுக்கு வருவோம். உலாத் திருமேனியை ஊரார் காண்பது பட்டும் மாலையும் அணியும் சாத்திய கோலத்தில். திருமஞ்சன வேளை நீங்கலாக அவர்கள் கண்ணில் படுவது முகமும் ஒருவேளை பாதமும்தான். படிமக்கலை ஆய்வாளர் வேண்டியதோ அணிகள் களைந்த உருவம். கை எத்தனை, ஏந்தியது எது, உயரம் எவ்வளவு என்பன. ஆகவே ஊரார் அறியாத ஒன்றைப் படம் காத்தது. ஊரார் அறிந்ததை அது விட்டுவிட்டது. எந்த வீதி வழியே அத்திருமேனி உலா வந்தது, தோளில் சுமந்தவர் யார், எந்த ஆண்டோடு திருவிழா நின்றது, கதவைத் திறந்து காட்டியவர் யார் என்பவற்றுக்குப் படிமக்கலைப் பதிவில் இடம் இல்லை. இது அந்நிறுவனத்தின் குறையன்று; அது தான் கேட்ட வினாவுக்கு விடை சேர்த்தது. அத்தொகுப்பை வட்டார மரபின் காப்பகம் என்று பெயரிட்டுவிட்டு அத்துடன் நிறைவடைவது நம் குறை.

ஸ்ரீபுரந்தான் கோயில் பூட்டிக் கிடந்தது. களவு உடனே வெளியில் தெரியவில்லை. வழிபாடு நின்ற கோயிலில் திருமேனி இல்லாமற்போனதை உணரும் அன்றாடக் கண்கள் இல்லை. அப்படியானால் விழாவும் பூசையும்கூட ஒருவகைப் பதிவேடுகளே. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டம் கோயில்களுக்குச் சொத்துப் பதிவேட்டைக் கட்டாயமாக்குகிறது. ஆயினும் வழக்கம் நின்றுபோனதைப் பதியும் ஏடு நம்மிடம் இல்லை.

நம் ஆய்வேடுகளும் இவ்வகையில் குற்றமற்றவை அல்ல. ‘சோழர் காலச் செப்புத் திருமேனி’ என்னும் தலைப்போடு, எடுத்த நாளும் எடுத்தவர் பெயரும் இன்றிப் படங்கள் பின்னிணைப்பில் அடுக்கப்படுகின்றன. இக்கட்டுரையாளரின் முதலாண்டுக் களப்பணிப் படங்களும் அவ்வாறானவையே. வாட்ஸ்அப் வழியே அனுப்பிப் பெற்றதால் எடுத்த தேதி நீங்கிப்போன படங்கள் அவற்றுள் பல; இன்று அவை அழகானவை, பயனற்றவை. முழு விவரத்தையும் பொதுவில் வைத்தால் களவாளிக்கு அதுவே வழிகாட்டியாகும் என்னும் மறுப்பு எழலாம். அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. விவரத்தைப் பொதுவில் வெளியிடாதிருப்பது வேறு, எழுதாமலே விடுவது வேறு. பல்கலைக்கழக நூலகங்கள் ஆய்வேட்டோடு களப்பதிவேட்டையும் பெற்று, பார்வையிடும் உரிமையை வரையறுத்து வைக்கலாம்; அதற்குப் புதிய நிதி எதுவும் பெரிதாக வேண்டியதில்லை.

மீட்கப்பட்ட திருமேனிகளுள் பல இன்று பாதுகாப்புக் கருதிப் படிமப் பாதுகாப்பு மையங்களில் இருக்கின்றன. அவற்றின் ஊர்களில் விழாவை நேரில் கண்ட முதியோர் இன்னும் சிலர் உள்ளனர். பழைய நிழற்படத்தை அவர்கள் முன் வைத்து, படத்தில் இல்லாதவற்றைக் கேட்டு, சொன்னவர் பெயரோடும் நாளோடும் அப்படத்தின் எண்ணுக்கு எதிரே எழுதும் பணி தொடங்கப்பட வேண்டும்.