இரண்டு சூசைகள்: தேர் வராத தெருவிலிருந்து தேம்பாவணி

1

எங்கள் பக்கத்தில் தேம்புவது என்றால் விம்மி விம்மி அழுவது. 'புள்ள தேம்பிக்கிட்டே தூங்கிருச்சு' என்பார்கள். எம்.ஏ. வகுப்பில் தேம்பாவணி என்ற தலைப்புக்கு இரண்டு பொருள் சொல்லித்தந்தார்கள். தேம்பா + அணி, வாடாத மாலை. தேன் + பா + அணி, தேன் போன்ற பாக்களால் ஆன அணி. எனக்கு மூன்றாவதாக ஒன்று தோன்றியது: தேம்பாதவர்களின் அணி. அழவேண்டிய தேவை இல்லாதவர்கள் சூடிக்கொண்ட மாலை. வகுப்பில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிழை என்று உட்கார வைத்திருப்பார்கள். அந்தப் பிழையிலிருந்துதான் இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன்.

கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர்ச் சீமையில் ஒரு கத்தோலிக்கச் சேரி எங்களுடையது. கோயில் திருவிழாவுக்கு வரி கொடுப்போம். தேர் மட்டும் எங்கள் தெருவுக்கு வராது. ஊர்த்தெருவைச் சுற்றிவிட்டு எங்கள் தெருமுனையில் திரும்பிப் போய்விடும். அப்பாயி உப்பும் மிளகும் பொட்டலம் கட்டி மடியில் வைத்துக்கொண்டு முனை வரைக்கும் நடந்துபோய்த் தேரில் போட்டுவிட்டு வரும்.

'ஏன் அப்பாயி, தேரு நம்ம தெருவுக்கு வரல?'

'கரண்டுக் கம்பி தட்டும்டா.'

'கம்பி வராத காலத்துல?'

அப்பாயி கொஞ்சநேரம் பேசாமல் இருந்தது. பிறகு சொன்னது: 'சேசு சாமி திரும்பி வர்றப்ப நம்ம தெரு வழியாத்தான் வருவாரு. அதுவரைக்கும் பொறுத்திருக்கணும்.'

வேதாகமம் வாசிக்கத் தெரியாத அப்பாயி சொன்ன ஒரே தீர்க்கதரிசனம் அது. அது இறந்து பல வருஷமாகிவிட்டது. தீர்க்கதரிசனம் இன்னும் காத்திருப்பில் இருக்கிறது. இப்படிக் காத்திருக்கும் ஒரு தெருவிலிருந்து தேம்பாவணியை வாசித்தால் அது என்னவாகத் தெரிகிறது என்பதே என் கேள்வி.

2

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கம்பனையும் சேக்கிழாரையும் படித்துக்கொண்டிருந்த வகுப்பறையில், எங்கள் கோயில் சுரூபங்கள் பேசும் தமிழ்க் காப்பியம் ஒன்று பாடமாக வந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதிலும் எங்கள் மண்ணோடு சேர்ந்த காப்பியம். 1680இல் இத்தாலியில் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி வீரமாமுனிவராகி, ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்து, அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். அரியலூர் மழவராயர் நிலம் கொடுத்த கதையை இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள். சதுரகராதி, தொன்னூல் விளக்கம், பரமார்த்த குரு கதை என்று அந்த மனிதர் தமிழுக்குச் செய்ததை நான் குறைத்துப் பேசப்போவதில்லை. என் வேலை ஆளைத் தீர்ப்பிடுவதல்ல, பிரதியை வாசிப்பது.

1726இல் உருவான தேம்பாவணி 3 காண்டம், 36 படலம், 3615 பாடல். அதன் நாயகன் சேசு அல்ல, சேசுவை வளர்த்த தச்சர் யோசேப்பு. பழைய கத்தோலிக்கர் நாவில் அவர் சூசை. பெருகச் செய்தல் என்ற எபிரேயப் பொருளைப் பிடித்து வீரமாமுனிவர் அவருக்கு வளன் என்று பெயர் சூட்டினார். அழகான பெயர்தான். ஆனால் தமிழ்க் காப்பிய இலக்கணத்துக்குத் தன்னிகரில்லாத் தலைவன் வேண்டும். நாட்டுப் படலம், நகரப் படலம் வேண்டும். யூதேயா தமிழ்நாட்டு மருத நிலமாக விளைகிறது. தாவீதின் அரச குலத்தில் வளன் பிறக்கிறான். கடைசியில் முடிசூட்டுப் படலம். தச்சுவேலை கதையில் இல்லாமல் இல்லை. ஆனால் என் வாசிப்பில் அது அரச குலத்தானின் பணிவுக்குச் சாட்சியாகத்தான் நிற்கிறது. உழைப்பவனின் கையாக அது எங்கும் எழுந்து நிற்கவில்லை.

காப்பியம் காத்திருப்பை எப்படி முடித்துவைக்கிறது என்று பாருங்கள். இஸ்ரயேல் சனம் நூற்றாண்டுகளாகக் காத்திருந்தது. மெசியா வந்தார். வாக்கு நிறைவேறியது. வளர்த்தவனுக்கு முடி கிடைத்தது. சுபம். வாக்கு நிறைவேறிவிட்டது என்று சொல்ல யாருக்கு முடிகிறது? தேர் வந்துபோன தெருவில் இருப்பவனுக்கு முடிகிறது. முனையில் நிற்பவளுக்கு அது வேறொருவரின் இறந்தகாலம்.

இது என் கற்பனைக் குற்றச்சாட்டு அல்ல. தேம்பாவணி எழுதப்பட்ட வருஷத்தைச் சுற்றிப் பாருங்கள். 1704இல் போப்பின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை வெளியிட்டார். சேசுசபைக் குருக்கள் சாதி வழக்கங்களோடு செய்துகொண்டிருந்த சமரசங்களைக் கண்டிக்கும் ஆணை. அதில் ஒரு விதி: நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் போய் அருட்சாதனம் கொடுக்கக் குருக்கள் மறுக்கக்கூடாது. இப்படி ஒரு விதி போடவேண்டியிருந்தது என்பதிலிருந்தே நிலைமை தெரிகிறது. வழக்கு நாற்பது வருஷம் நடந்தது. 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் முடித்துவைத்தார். எப்படி? பறையர்களுக்கென்று தனியாகக் குருக்களை வைத்துக்கொள்கிறோம் என்று சேசுசபை சொன்ன ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டு. வீட்டுக்குள் போகவேண்டும் என்ற கட்டளை, போவதற்கு வேறு ஆள் வைக்கலாம் என்ற ஏற்பாடாக முடிந்தது.

இந்த இரண்டு வருஷங்களுக்கு நட்டநடுவில் நிற்கிறது 1726. சேரியில் ஒருத்தி சாகக் கிடக்கிறாள், அவஸ்தைப் பூசுதலுக்குச் சாமியார் வருவாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்; அந்தக் குடிசைக்குள் நுழையலாமா கூடாதா என்று ரோமாபுரி வரைக்கும் விவாதம் நடக்கிறது. அதே காலத்தில்தான் வாக்கு நிறைவேறிய காப்பியமும் எழுகிறது. நமது இலக்கிய வரலாறுகள் 1726ஐச் சொல்கின்றன. 1704ஐயும் 1744ஐயும் சொல்வதில்லை. மூன்றையும் சேர்த்துச் சொல்வதுதான் தலித் வாசிப்பு என்று நினைக்கிறேன்.

3

இன்னொரு சூசையைப் பற்றிச் சொல்லவேண்டும். இவருக்குக் காப்பியம் இல்லை, ஒரு தீர்ப்பு இருக்கிறது.

1980களில் சென்னையில் சாலையோரத்தில் உட்கார்ந்து செருப்புத் தைத்த தொழிலாளி. ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். அட்டவணைச் சாதியைச் சேர்ந்த செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாக பங்க் கடை கொடுத்தது. இவருக்குக் கொடுக்கவில்லை. காரணம், 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி. இந்துவாக இருந்தால்தான் அட்டவணைச் சாதி என்றது அது; 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். சூசை உச்சநீதிமன்றம் போனார். 1985இல் தீர்ப்பு வந்தது, தள்ளுபடி. மதம் மாறிய பிறகும், புதிய சமூகத்துக்குள்ளேயும், சாதி இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்பதைக் காட்டவேண்டும், அதற்குப் போதிய ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்றது நீதிமன்றம்.

ஒரு சூசைக்கு முடி. இன்னொரு சூசைக்கு ஒரு பங்க் கடைகூட இல்லை. பெயர்ப் பொருத்தத்தை வைத்து நான் விளையாடுவதாக நினைக்கவேண்டாம். இரண்டு பிரதிகளும் ஒரே வாக்கியத்தின் மேல்தான் நிற்கின்றன: கிறிஸ்துவில் வாக்கு நிறைவேறிவிட்டது, அங்கே சாதி கிடையாது. காப்பியத்தில் அது துதி. நீதிமன்றத்தில் அதே வாக்கியம் நமக்கு எதிரான வாதம். நிறைவேறாத வாக்கை நிறைவேறியதாகச் சொல்வதால் என்ன வந்துவிடப்போகிறது என்று நம் பக்திமான்கள் கேட்பார்கள். ஒரு செருப்புத் தொழிலாளியின் கடை போகும். அதுதான் வரும்.

சாதி உண்டு என்று சபை ஒப்புக்கொண்டால் அதற்கு வெட்கம். இல்லை என்று சொன்னால் நமக்கு நஷ்டம். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில்தான் சபைக்குள் தீண்டாமை இருப்பதை வெளிப்படையாக எழுதியது. சூசை தோற்று 31 வருஷம் கழித்து! அதற்குள் 2004இல் மூன்றாம் பத்தியை எதிர்த்து வழக்கு, 2007இல் மதத்தையும் அட்டவணைச் சாதித் தகுதியையும் பிரிக்கச் சொன்ன ரங்கநாத் மிஸ்ரா ஆணையத்தின் அறிக்கை, பிறகு 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம், அதற்கு இரண்டு வருஷக் கெடு, கெடு முடிந்ததும் நீட்டிப்பு. அரசியல் சட்டத்துக்கும் ஒரு திருவருகைக் காலம் இருக்கிறது. அதற்குக் கிறிஸ்மஸ்தான் வரக்காணோம்.

4

அப்படியானால் தேம்பாவணியைத் தூக்கி எறிந்துவிடலாமா? எனக்கு மனம் வரவில்லை. காரணம் கருணையன்.

2019இல் வந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் படித்தவர்களுக்குத் தெரியும். திருமுழுக்கு யோவானுக்கு வீரமாமுனிவர் வைத்த பெயர் கருணையன். காட்டில் தாய் எலிசபெத்தோடு வாழ்கிறான். தாய் இறக்கிறாள். அடக்கம் செய்துவிட்டுத் தனியாக நின்று அழுகிறான். காட்டு வழி தெரியாது, காய்கனி தெரியாது. மரங்களும் பூக்களும் பறவைகளும் கூட அழுகின்றன. தேம்பாவணி தேம்புகிற இடம் அது. பெற்றவளைப் புதைத்துவிட்டு ஊருக்கு வெளியே நிற்கும் ஒரு பிள்ளையை நமக்குத் தெரியும். முடிசூட்டுப் படலத்தை விட அந்தப் பிள்ளையிடம்தான் எனக்கு ஒட்டுதல்.

அந்தப் பிள்ளை வளர்ந்து என்ன ஆனான் என்பதைச் சுவிசேஷத்தில் பாருங்கள். மெசியா வருகிறார் என்று ஆற்றங்கரையில் நின்று கூவியவன். ஏரோதைக் கண்டித்ததற்காகச் சிறையில் கிடக்கிறான். அங்கேயிருந்து சீடர்களை அனுப்பி சேசுவிடம் கேட்கிறான்: நாங்கள் எதிர்பார்த்திருந்தது உம்மைத்தானா, இல்லை இன்னும் ஒருவருக்காகக் காத்திருக்கவேண்டுமா? ஞானஸ்நானம் கொடுத்த கை கேட்கிற கேள்வி! பதிலாக சேசு ஒரு பட்டியல் சொல்லியனுப்புகிறார். குருடர் பார்க்கிறார்கள், முடவர் நடக்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி சொல்லப்படுகிறது என்று. நாசரேத் செபக்கூடத்தில் ஏசாயாவின் ஏட்டிலிருந்து அவர் வாசித்ததாக லூக்கா சொல்லும் பட்டியலில் சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை என்பதும் இருந்தது. சிறையில் இருப்பவனுக்குச் சொல்லி அனுப்பிய பட்டியலில் அது இல்லை. யோவான் வெளியே வரவில்லை. தலைதான் வந்தது, தட்டில்.

பிரசங்கங்களில் இதை யோவானின் விசுவாசத் தளர்ச்சி என்று விளக்கக் கேட்டிருக்கிறேன். என் வாசிப்பு வேறு. ஏமாற்றத்தை மறைக்காமல் வந்தவரிடமே கேட்பதுதான் காத்திருப்பவனின் விசுவாசம். கேட்டவனை சேசு கண்டிக்கவும் இல்லை. அவனைப் பெரியவன் என்று கூட்டத்தாரிடம் சொல்கிறார்.

நம் தலித் இறையியல் தோழர்களோடும் இந்த இடத்தில் எனக்கு ஒரு சிறு சண்டை உண்டு. அரவிந்த் நிர்மல் 1980களில் தொடங்கிவைத்த விவாதம் நமக்குப் பெரிய கொடை. சேசுவே தலித் என்ற சொல் எத்தனையோ பேரை நிமிரவைத்தது. ஆனால் மேடைகளில் அது சீக்கிரமாக ஒரு புதிய முடிசூட்டுப் படலமாகிவிடுகிறது. சேசு நம்ம ஆளு, ஆகவே நாம் ஜெயித்துவிட்டோம் என்று பாட்டுப்பாடிக் கலைகிறோம். தேர் மறுபடி முனையில் திரும்புகிறது. சேசு யார் என்பதற்குப் பதில் கிடைத்த வேகத்தில் யோவானின் கேள்வியைக் கைவிட்டுவிட்டோமோ என்று பயமாக இருக்கிறது.

கேள்வியைக் கைவிடாதவர்கள் இருக்கிறார்கள். பெரம்பலூர், அரியலூர் ஊர்களெல்லாம் அடங்கிய கும்பகோணம் மறைமாவட்டத்தில், திருச்சி மாவட்டத்துக் கோட்டப்பாளையம் பங்கைச் சேர்ந்த தலித் கத்தோலிக்கர்கள், வழிபாட்டிலும் திருவிழாவிலும் கல்லறையிலும் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று வழக்காடி உச்சநீதிமன்றம் வரை போனார்கள். 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பியது. 1985இல் சூசையிடம் ஆதாரம் எங்கே என்று கேட்ட அதே நீதிமன்றம்தான். வழக்கு எப்படி முடியுமோ, அது வேறு. சூசையிடம் கேட்ட ஆதாரத்தை இவர்கள் தங்கள் தெருவிலிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இனி எந்தச் சபையும் எந்த நீதிமன்றமும் தெரியாது என்று சொல்லமுடியாது.

அப்பாயியின் தீர்க்கதரிசனத்தை நான் பொய் என்று சொல்லமாட்டேன். அதில் பாதியை வைத்துக்கொள்கிறேன்: வந்தால் நம் தெரு வழியாகத்தான் வரவேண்டும். பொறுத்திருக்கணும் என்ற மறுபாதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். திருவருகைக் காலத்தில் காத்திருங்கள் என்று பிரசங்கம் கேட்கும் நம் பிள்ளைகள் எழுந்து நின்று கேட்கட்டும்: யாரு சாமி காத்திருக்கணும்? இன்னும் எத்தனை வருஷம்?