மாதிரிக்கு இட்ட பெயர்: ஆய்வுக்கூட மூளைத்திசு பற்றிய ஒரு விமர்சனம்

மாமல்லபுரம் செல்வோருக்குப் 'பஞ்ச பாண்டவ இரதங்கள்' என்று காட்டப்படும் ஐந்து கற்றளிகளும் இரதங்கள் அல்ல; பாண்டவரோடு அவற்றுக்குத் தொடர்பும் இல்லை. மரத்தாலும் கூரையாலும் அந்நாளில் எழுந்த கட்டடங்களின் வடிவை, ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் பாறையில் மேலிருந்து கீழாகச் செதுக்கினர். திரௌபதியின் பெயரால் வழங்குவது ஓலை வேய்ந்த குடிலின் சாயல் கொண்டது. கல்லுக்கு ஓலை எதற்கு? வடிவம் வந்தது, பயன் வரவில்லை, பணியும் முற்றுப்பெறவில்லை. பின்வந்தோர் இட்ட பெயர் நிலைத்தது, பொருள் மறைந்தது.

அக்கடற்கரையிலிருந்து சென்னை திரும்பும் பழைய மாமல்லபுரம் சாலையில், செங்கல்பட்டு மாவட்டத்துத் தையூரில் சென்னை ஐ.ஐ.டி.யின் இரண்டாம் வளாகம் இருக்கிறது. அந்நிறுவனத்தாரும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. அறிஞர்களும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வொன்றைப் படித்தபோது எனக்கு அந்தக் கற்றளிகளே நினைவுக்கு வந்தன. அவ்வாய்வின் குறை அன்று காரணம். இத்தகைய ஆய்வுகளுக்கு உலகம் சூட்டும் பெயரின் குறை.

ஆய்வின் முதலாசிரியர் இக்ராம் கான். அனில் பிரபாகர், மிருகாங்க சுர் முதலியோர் உடனாசிரியர்கள். முப்பரிமாண அச்சுமுறையில் அவர்கள் உருவாக்கிய சிறு வளர்ப்புக்கலத்தின் அடக்கவிலை ஏறத்தாழ ஐந்து டாலர். ஊட்டநீர் ஓடும் நுண்குழாய்களும் நுண்ணோக்கியால் பார்க்கும் அறையும் அதில் ஒருங்கே அமைந்தன. வழக்கமான முறையில் திசுவை வளர்ப்பது ஓரிடம், பார்ப்பது வேறிடம்; இடம் மாற்றுந்தோறும் கிருமி புகும் அச்சமுண்டு. இக்கலத்திலோ மனிதக் குருத்தணுக்களிலிருந்து எழுந்த திசு ஏழு நாள் வளர்வதை உயிரோடு காண முடிந்தது. நடுவே குழிவான அறையும், அதைச் சூழ மூளைப் புறணியை ஒத்த அடுக்கும் தோன்றின. திசுவின் உட்பகுதியில் மடியும் அணுக்களும் குறைந்தன. இக்கடைசிச் செய்தியே எனக்குப் பெரிதாகப் படுகிறது. இரத்தக் குழாய் இல்லாத திசு பெருக்கப் பெருக்க, பிராணவாயு எட்டாமல் நடுப்பகுதி மடிவதே இத்துறையின் தீராத இடர்.

தோலின் அணுவையே குருத்தணுவாக மீட்கலாம் என யமனாக்கா 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும் காட்டினார். புறணித் திசு தானாகவே உருக்கொள்ளும் என்பதை ஜப்பானின் யோஷிகி சசாய் 2008இல் மெய்ப்பித்தார். வியன்னாவில் மேடலின் லங்காஸ்டரும் யூர்கன் க்னோப்ளிக்கும் 2013இல் வளர்த்தது ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர் அளவினது. மனித மூளையின் நரம்பணுக்களோ 8,600 கோடி! ஆயினும் அம்மாதிரி வீண் அன்று: ஸிக்கா நுண்மி சிசுவின் மூளை வளர்ச்சியை எவ்வாறு குலைக்கிறது என்பதை 2016இல் தெளிவித்ததில் இத்திசுக்களுக்குப் பங்குண்டு.

இதைத்தான் 'மினி பிரெய்ன்' என்றார்கள். தமிழில் 'குட்டி மூளை' என்றாகிறது; 'சிறுமூளை' என்றாலோ பிழை இரட்டிக்கும், அது தலையின் பின்புறத்து உறுப்புக்கு உரிய பெயர். சொல் ஆடம்பரம் ஆய்வாளரிடமும் உண்டு. மெல்பர்னில் தட்டையாக வளர்த்த எட்டு லட்சம் அணுக்கள் கணினிப் பந்தாட்டம் பயின்றன என்ற 2022ஆம் ஆண்டுக் கட்டுரை, அவற்றுக்கு 'உணர்திறன்' உண்டெனத் தலைப்பிலேயே பேசியது. துறையினர் பலர் மறுநாளாண்டில் அதே இதழில் மறுத்தெழுதினர். அதே 2022இல் நேச்சர் இதழில் வெளிவந்த பெயரீட்டு உடன்பாடு 'குட்டி மூளை' போன்ற வழக்குகளை விலக்கியது. அறிஞர் கைவிட்ட சொல்லை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

நம்மவரிடையே உடனே எழும் வினா ஒன்று: அதற்கு ரூஹ் உண்டா? கருவில் உயிர் ஊதப்படும் காலத்தை நூற்றிருபது நாள் எனப் பெரும்பாலான ஃபுகஹாக்களும் அதற்கு முன்னரே எனச் சிலரும் கொண்டனர். அந்த விவாதம் கருவைப் பற்றியது. தோலணுவிலிருந்து மீட்ட திசு கரு அன்று, கருவாகவும் மாட்டாது. இப்னு சீனா கற்பனையை மூளையின் முன்னறையிலும் நினைவைப் பின்னறையிலும் வைத்தார். ஆயினும் பகுத்தறியும் ஆன்மாவை அவர் எந்த உறுப்பிலும் குடியமர்த்தவில்லை. வளர்ப்புக்கலத்தில் ஓர் அறை தோன்றியதைக் கண்டு ஆன்மாவின் கதவு திறந்ததெனக் கூறுவது அவருடைய மருத்துவத்துக்கே பொருந்தாது. திசு பெருகி வலியுணரும் நிலையை எட்டினால் வினா மாறும், அதை மறுக்கவில்லை.

என் கவலை வேறிடத்தில். திசுவுக்கு உரிமை தேடும் நாம், அணுவைத் தந்த மனிதரை மறந்துவிடுகிறோம். உடல் அமானத் எனில், அதன் துளியும் அமானத்தே. ஹென்ரியெட்டா லாக்ஸின் அணுக்கள் 1951இல் அவர் அறியாமலே எடுக்கப்பட்டன; குடும்பத்தார் ஒரு நிறுவனத்துடன் உடன்பாடு காண 2023 ஆயிற்று. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டுக் குருத்தணு வழிகாட்டுநெறிகள் கொடையாளியின் அறிந்த சம்மதத்தைக் கட்டாயமாக்குகின்றன. ஆனால் வலிப்புநோயுற்ற பிள்ளைக்காக இரத்தம் தரும் தாயிடம் எச்சொல்லால் சம்மதம் கேட்பது? 'உன் பிள்ளையின் மூளையை வளர்ப்போம்' என்றால் அவள் அஞ்சுவாள், அல்லது பிள்ளைக்கே மாற்று மூளை வருமென நம்புவாள். அச்சத்தில் மறுத்தாலும் பேராசையில் இசைந்தாலும் அது அறிந்த சம்மதம் ஆகாது.

மருந்துச் சோதனை விதிகளில் 2023இல் செய்த திருத்தம், விலங்குகளுக்கு மாற்றாக இத்தகைய முப்பரிமாணத் திசுக்களையும் ஏற்றது. விலங்கின் வதை குறைவது வரவேற்கத்தக்கதே. ஆனால் அணு தேவைப்படும் ஆய்வுக்கூடங்கள் இனிப் பெருகும், சம்மதத் தாள்களும் பெருகும். அத்தாள்களில் 'மூளைத்திசு மாதிரி' என்று எழுதப்படட்டும். அது எதைச் செய்யாது என்பதும் அடுத்த வரியிலேயே இருக்கட்டும்.